ஓனாவின் கடையில் கை நனைத்தது

நோட்டில் தானே சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய கடையிலேயே மூன்றாவது நாளாக வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது வைத்தியலிங்கத்துக்கு இப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேட்டி முனையைத் தேடிக் கையைக் கீழே கொண்டுபோய், வேட்டி இல்லை பேண்ட் என்று ஞாபகம் வந்து, சட்டையிலேயே துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் அந்தப் போட்டோ இருந்தது. நேற்றும் இருந்திருக்கும், முந்தாநாளும் இருந்திருக்கும். முந்தாநாள் அவர் இந்த நாற்காலியில்தான் உட்காரப் போனார், மனைவி அரசிதான் 'நீங்க இப்படி வந்து உக்காருங்க, அங்க காத்து அடிக்குது' என்று சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தாள். ஜூன் மாதம், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, எங்கேயிருந்து காற்று அடிக்கும். நேற்றும் அதே காற்று, அதே நாற்காலி. இன்றைக்குத் தனியாக வந்ததால் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்தார், பார்த்துவிட்டார். நீள மேஜை, வெள்ளை விரிப்பு, மேஜை கொள்ளாமல் தட்டுகள், மெழுகுவர்த்தி, ஜன்னலுக்கு வெளியே பனி, சுற்றி ஆறேழு வெள்ளைக்காரர்கள். நடுவில் சேந்தன். அவர் பெற்ற மகன், இந்த வில்னியஸ் ஊருக்குப் படிக்க வந்து இங்கேயே லேசர் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்துவிட்டவன், கிறிஸ்துமஸ் லீவில் அறையில் தனியாக ரவை உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன் என்று போனில் சொன்னவன், அதைக் கேட்டு அரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வைத்தவன். அவனுக்குப் பக்கத்தில் தோளில் தோள் இடிக்க ஒரு பெண். வைவா. இந்தக் கடையில் இரண்டு நாளாக அவருக்குத் தட்டு வைத்து எடுக்கிற அதே பெண். போட்டோவில் அவள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். மாம்பழ நிற பார்டர், முந்தானையில் ஜோடி அன்னம். தோளில் அது சரியாக மடியாமல் கிடந்தது, கட்டத் தெரியாத கை கட்டியது. ஆனால் அன்னம் அன்னம்தான், அதில் சந்தேகமே இல்லை.

அந்த அன்னத்துக்காக அவர் திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு மணி நேரம் நின்றார். கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம், அதுவரைக்கும் அரசிக்குத் தானாகப் புடவை எடுத்ததில்லை, அன்றைக்கு ஆபீசில் லீவு போட்டுவிட்டுப் போய் எடுத்தார். போன வருஷம் மகள் உமையாளின் வளைகாப்புக்கு, 'எங்க அந்த அரக்கு, அதைக் கட்டேன்' என்று கேட்டபோது அரசி கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. 'அது மடிப்புல இத்துப்போச்சுங்க, பாத்திரக்காரன்கிட்ட போட்டு இட்லிக் குண்டான் வாங்கிட்டேன்.' அவருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது, ஆனாலும் போய்ப் பார்த்தார். இட்லிக் குண்டான் இருந்தது. புதுசாகப் பளபளவென்று இருந்தது. ஒரு பொய்க்கு மூடி போட்டு, ஆறு குழித் தட்டு நான்கு வைத்து, பாத்திரமாகவே வாங்கி அலமாரியில் ஏற்றியிருக்கிறாள். அந்தக் குண்டானில் வெந்த இட்லியை ஒரு வருஷமாக அவர் தின்றுகொண்டிருக்கிறார், மிருதுவாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறார். அவர் விசாவுக்கு நடையாய் நடந்து வாங்குவதற்கு முன்னாலேயே அந்தப் புடவை பார்சலில் ஏறி வந்து, பனியில் உட்கார்ந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டுவிட்டது. மகன் பொய் சொல்வான், அது வயசு, அவரும் சொன்னவர்தான். அரசி சொல்வாளா. முப்பத்தாறு வருஷத்தில் காய்கறிக் கடையில் பத்து ரூபாய் அதிகம் கொடுத்ததைக்கூட வந்து ஒப்பிக்கிறவள். ஒப்பித்து ஒப்பித்து, இவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று அவரை நம்பவைத்தது இந்த ஒன்றுக்காகத்தானா. இல்லை, அப்படி நினைப்பது அநியாயம். அநியாயமாக இருந்தால் இருக்கட்டும்.

காலையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அரசி அந்த வைவாவோடு அம்பர் மணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்றாள், பரிமாறுகிற பெண்ணோடு இரண்டே நாளில் என்ன ஒட்டுதல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார், அவள் சுபாவம் அப்படி, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரி வீட்டுக் கல்யாணத்துக்கே போனவள். சேந்தன் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். அவருக்கு ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திருச்சி கோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் கண்ட்ரோலராக இருந்தவர், எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டேஷனை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. போகிற வழியில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பச்சைக் கதவு வைத்த நிலவறைக் கடை. அவர் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த சாப்பாட்டுக் கடை. 'ரிப்பேர் வேலை நடக்குதுப்பா, ஜூலை வரைக்கும் மூடியிருக்கு' என்று சேந்தன் சொன்ன கடை. கதவு அகலமாகத் திறந்திருந்தது. வாசலில் கரும்பலகையில் சாக்கட்டியால் இன்றைய சூப் எழுதியிருந்தது, உள்ளே ஒரு கிழவர் கறுப்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சுவரெல்லாம் போன வருஷத்துச் சுண்ணாம்பு, ரிப்பேருக்கான ஒரு ஏணிகூட இல்லை. சரி, சீக்கிரம் முடித்துவிட்டார்கள் போல என்று நடந்தார். ஆனால் கால் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற விடுதிக்குப் போயிற்று. அவர் பதிவு பண்ணி வைத்திருந்த விடுதி. 'தண்ணிக் குழாய் வெடிச்சுடுச்சாம், அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க' என்று சொல்லப்பட்ட விடுதி. வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னாள், மூன்று வாரத்துக்கு முன்னால் விருந்தினரே ரத்து செய்திருக்கிறார், உங்கள் மின்னஞ்சலிலிருந்துதான் வந்திருக்கிறது ஐயா, காரணம் கேட்டதற்குக் குடும்ப விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று. அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, ரோட்டைக் கடக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல் அரசிக்குத் தெரியும், பென்ஷன் கடிதங்களை அவள்தான் திறந்து படித்துச் சொல்வாள்.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட மூன்று மாதம் உட்கார்ந்தார். 'நீங்கதான் எல்லாம் பாத்து முடிவு பண்ணணும், எனக்கு என்னங்க தெரியும்' என்றாள் அரசி, பிப்ரவரியில். சேந்தனும் 'அப்பா பிளான் பண்ணினாத்தான் கரெக்டா இருக்கும்' என்றான். அவர் உச்சி குளிர்ந்துபோய் நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டார். தங்கும் ஹோட்டல் பதினொன்று, சாப்பாட்டு ஹோட்டல் ஒன்பது. தங்குவதற்கு லிப்ட் உண்டா, அறையில் வெந்நீர்க் கெட்டில் உண்டா, காலையில் கறி படாத பலகாரம் உண்டா, ஸ்டேஷன் எத்தனை தூரம். சாப்பாட்டுக்குத்தான் தலைவலி. போகிற ஊரின் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், பீட்சா தின்பதற்கு லித்துவேனியா எதற்கு, திருச்சி தில்லைநகரிலேயே தின்னலாம் என்பது அவர் கட்சி. ஆனால் சைவப் பிள்ளைமார் நாக்கு, முட்டைகூடப் படக்கூடாது. அந்த ஊர்க்காரர்களோ உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்க முடியுமோ அத்தனை விதமாகச் சமைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றின் தலையிலும் பன்றிக்கொழுப்பைப் பொரித்துத் தூவிவிடுகிறார்கள். யார் தூவாமல் கொடுப்பார்கள் என்று கண்டுபிடிக்க விமர்சனங்களை மொழிபெயர்ப்பில் போட்டுப் போட்டுப் படித்தார். படித்துப் படித்து அதில் ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது, ஐந்து நட்சத்திரம் போடுகிறவன் சொந்தக்காரனாக இருப்பான், ஒரு நட்சத்திரக்காரன்தான் உள்ளதைச் சொல்வான். இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரக்காரர்கள் நிறைய. முதலாளியம்மா சிரிப்பதே இல்லை, ஒரு சூப்புக்கு நாற்பது நிமிஷம், கை கழுவும் இடம் மாடிப்படிக்குக் கீழே. சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். வீடியோவில் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது சேந்தன் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, 'சரிப்பா, உங்க இஷ்டம்' என்றான். பின்னால் அரசி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குகிற சத்தம் நின்றது. அப்போதே காதில் விழுந்தது அவருக்கு, சத்தம் நின்றது. கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்தார். குழந்தை அழாமலிருக்கக் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுப்பார்களே, அந்த மாதிரி நோட்டைக் கையில் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரே நேரத்தில் நாற்பது வண்டி எங்கெங்கே நிற்கிறது, எது ஓடுகிறது, எதை லூப் லைனில் ஒதுக்கிவிட்டு எதை முன்னால் விடுவது என்று பார்க்காமலே சொல்கிறவர். அரியலூர் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி மூச்சு வாங்கினால் இவருக்கு இங்கே தெரியும். பாசஞ்சரை ஒதுக்கும்போது பாசஞ்சர் டிரைவரிடம் காரணம் சொல்ல மாட்டார்கள், சிக்னலைப் போடாமல் விட்டுவிடுவார்கள், அவன்பாட்டுக்கு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எத்தனை டிரைவர்களை அப்படி நிற்கவைத்திருப்பார். ஒருத்தன்கூட மனசில் பட்டதில்லை. இன்றைக்கு, சொந்த வீட்டில், அவருக்கு யாரும் சிக்னல் போடவில்லை. உமையாளுக்கும் தெரிந்திருக்கும், மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், 'மாமா, ஐரோப்பா போறீங்க, ஜமாய்ங்க' என்று மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு இப்போதுதான் பொருள் விளங்குகிறது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். வலி இல்லை. வலித்தால், இதய நோயாளியிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவர்கள் நினைத்தது சரி என்றாகிவிடும், அதற்காகவாவது வலிக்கக் கூடாது.

உள்ளேயிருந்து முதலாளியம்மாள், வைவாவின் அம்மா ஓனா, வந்து மேஜையில் கறுப்பு ரொட்டித் தட்டை வைத்துவிட்டுப் போனாள். அறுபது வயதிருக்கும், நரைத்த பின்னல், அகலமான கை. சிரிக்கவில்லை. முந்தாநாளும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியும் பில் வரவில்லை, அவர் காற்றில் எழுதிக் காட்டினார், அப்போதும் வரவில்லை, 'சேந்தன் பாத்துக்குவான் விடுங்க' என்று அரசி கையைப் பிடித்தாள். வந்த இடத்தில் பிள்ளை தலையில் கட்டுவதா என்று எழுந்துபோய்க் கல்லாவில் யூரோ நோட்டை வைத்தார். ஓனா நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பணிவு தெரியாத பெண்பிள்ளை என்று நினைத்தார். நேற்று தட்டுக்கு அடியில் டிப்ஸ் வைத்துவிட்டு வந்தார், வைவா தெருவில் ஓடிவந்து அந்தச் சில்லறையை அவர் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். நேர்மையான ஜனங்கள், மறந்து வைத்தது என்று நினைத்துத் திருப்பித் தருகிறார்கள் என்று அரசியிடம் புகழ்ந்தார். அரசி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் விமர்சனம் எழுதினார். இத்தனை பேர் எழுதியதைப் படித்துப் பயனடைந்தோமே, நாமும் நாலு பேருக்குப் பயன்பட வேண்டாமா. சாப்பாடு நன்று. கொழுப்பு தூவாமல் தருகிறார்கள். உரிமையாளருக்கு வாடிக்கையாளரிடம் பேசத் தெரியவில்லை. மூன்று நட்சத்திரம். பெயர், ஊர் எல்லாம் போட்டு எழுதினார். இப்போது நினைத்தபோது காது மடல் சுட்டது. பெண் வீட்டுக்கு மூன்று நட்சத்திரம் போட்ட மாப்பிள்ளையின் அப்பா திருச்சி ஜில்லாவில் வேறு யாராவது உண்டா.

பெண் வீடு. அந்த வார்த்தை மனசில் வந்த பிறகுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. இது கடை இல்லை, பெண் வீடு. மாடியில் ஜன்னலோரம் துணி காய்கிறது, அவர்கள் குடியிருப்பதே மேலேதான். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்து இரண்டு நாளாக மூக்குப்பிடிக்கத் தின்றிருக்கிறார். திருச்சிப் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் என்று முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாடு என்ன, ஒரு வாய் மோர்கூடக் கிடையாது. கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி, அப்புறம் பெண் கறுப்பு, பெண் குள்ளம் என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்க முடியாது. அவர் அரசியைப் பார்க்கத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனபோது சித்தப்பா பஸ்சிலேயே சொல்லிக் கூட்டிப்போனார், 'தண்ணி குடுத்தாலும் வாங்காதே, தொண்டை காஞ்சாலும் வாங்காதே.' சித்திரை வெயில். உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் அவருக்கு விக்கல் வந்தது. ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை, பெரியவர்கள் பேச்சு ஒவ்வொரு விக்கலுக்கும் தடைப்பட்டது. உள்ளேயிருந்து யாரும் சொல்லாமலே ஒரு பெண் சொம்போடு வந்து நின்றது, அவர் வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டார். திரும்பும்போது சித்தப்பா பேசவே இல்லை, திருவையாறு வந்ததும், 'போ, கை நனைச்சாச்சு, இனிமே நான் என்ன பேசறது' என்றார். அப்படி அமைந்தவள்தான் மங்கையர்க்கரசி. அந்தச் சட்டம் அவளுக்கு எப்படித் தெரியாமலிருக்கும். தெரிந்துதான் பச்சைக் கதவை மூடினாள். தெரிந்துதான் ஸ்டேஷன் விடுதியின் குழாயை வெடிக்கவைத்து, இந்தக் கடைக்கு நாலு வாசல் தள்ளி அறை போட்டாள். மூன்று நாள் கை நனைக்கவைத்துவிட்டால் அப்புறம் அவர் என்ன பேசிவிட முடியும். என்ன கச்சிதமான வேலை, கண்ட்ரோல் ஆபீசில் உட்காரவைத்திருந்தால் ஒரு வண்டி லேட்டாகாது.

கேட்டிருக்கலாமே. உட்காரவைத்து, இப்படி ஒரு பெண், இந்த ஊர்ப் பெண், பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை. அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று யார் முடிவு பண்ணியது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இப்படித்தான். அதிர்ச்சியான விஷயம் எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், பக்கத்து வீட்டு முருங்கை முறிந்து விழுந்ததைக்கூட நாலு நாள் கழித்துத்தான் சொல்கிறார்கள். பேப்பரை மடித்துக் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவரை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் நெஞ்சில் குழாய் வைத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அதற்கு முன்னால் இருந்த வைத்தியலிங்கத்திடம் மட்டும் சொல்லியிருப்பார்களா. இங்கே வந்து அவர் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. ஆபீசில் கூட இருந்த கதிரேசன் மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது, கதிரேசன் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார், கும்பிட்டுக் கூப்பிட்டார். அரசி அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். அவர் போகவில்லை. பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். 'கதிரேசன் பாவங்க' என்றாள், அவர் பக்கத்தைத் திருப்பினார். அவள் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசாமலே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். சேந்தனும் அப்போது பிளஸ் டூ, கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான். சரி, சொல்லியிருப்பார். முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் சரி என்றிருப்பார். அந்த ஆறு மாதம் அவருடையது. அதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது.

சூப் வந்துவிட்டது. நாற்பது நிமிஷம் ஆகவில்லை, இருபதுதான். பீட்ரூட்டைத் துருவி மோரில் போட்ட குளிர்ந்த சூப், ரோஜா நிறத்தில், மேலே பொடியாக நறுக்கிய கீரை மாதிரி ஏதோ ஒன்று, பக்கத்தில் தனித் தட்டில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. முட்டை இல்லை. கொழுப்பு இல்லை. முதல் நாள் ஒரு தடவை சொன்னதுதான், மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓனா வைத்துவிட்டுப் போகவில்லை, கல்லாப் பக்கம் நின்று துணியால் ஏற்கெனவே துடைத்த கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியைத் தொடவில்லை. பசித்தது. காலையிலிருந்து நடந்த நடை, பசி வயிற்றைக் கிள்ளியது. இரண்டு நாள் தெரியாமல் தின்றது கணக்கில்லை, இன்றைக்குத் தெரிந்து தின்றால்தான் கை நனைத்தது. தின்னாமல் எழுந்துபோனால் என்ன ஆகும். ஸ்டேஷன் விடுதியில் அறை இருக்கிறதா என்று கேட்கலாம். பச்சைக் கதவுக் கடையில் போய் உட்காரலாம், அவர் தேர்ந்தெடுத்த கடை, அவர் தேர்ந்தெடுத்த கட்டில். தனியாகப் போய் உட்கார்ந்து என்ன செய்வார் என்று தெரியவில்லை. கிழங்கிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

கதவு மணி அடித்தது. அரசி உள்ளே வந்தாள், பின்னால் வைவா. அரசி கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு மணிமாலை. "பாத்தீங்களா, பாப்பா பேரம் பேசி வாங்கிக் குடுத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மாலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். வைவா உட்காரவில்லை, கல்லாப் பக்கம் போய் அம்மாவிடம் நின்றுகொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க." குரல் கீழே இறங்கியிருந்தது. "உங்களுக்கு ஆபரேஷன் ஆன அதே மாசம் சொன்னான். அந்த நேரத்துல எப்படிங்க உங்ககிட்ட..."

"அப்புறம் இருபத்தி மூணு மாசம் இருந்துதே."

"தெனமும் சொல்லணும்னுதான் நெனப்பேன். நீங்க சந்தோஷமா நோட்டுல கட்டம் போட்டுக்கிட்டு இருப்பீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." மூக்கை உறிஞ்சினாள். "இங்க வந்து பொண்ணைப் பாத்து, நாலு நாள் பழகிட்டா உங்களுக்கே புடிச்சுப்போயிடும்னு நெனச்சோம். தப்புத்தாங்க."

"எனக்குப் புடிக்குமா புடிக்காதான்னு நான்தானே சொல்லணும். என் பேர்ல மெயில் எழுதி, என் ரூமை நீ ரத்து பண்ணியிருக்கே அரசி."

அவள் கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "அவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் காட்டிக்காதீங்க" என்றாள். "அவங்களுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"உங்களுக்குத் தெரியாதுங்கறது அவங்களுக்குத் தெரியாது. அப்பா சம்மதிச்சுட்டாரு, கடையை அவரே பாத்துத் தேர்ந்தெடுத்திருக்காரு, நேர்ல வந்து கேப்பாருன்னு சேந்தன் சொல்லி வச்சிருக்கான்."

வைத்தியலிங்கம் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஓனா கோப்பையை வைத்துவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வைவா பின்னாலிருந்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள், வேண்டாம் என்றுதான் இருக்கும், ஓனா நிற்கவில்லை. மேஜைக்கு எதிரே வந்து, தொடாத சூப்பைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"மூன்று நாள்" என்றாள். "நீங்கள் வந்தீர்கள். நான் காத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்கள். கல்லாவில் பணம் வைத்தீர்கள். என் மகளுக்கு டிப்ஸ் வைத்தீர்கள்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பிறகு எழுதினீர்கள். மூன்று நட்சத்திரம். அது சூப்புக்கா, என் மகளுக்கா?"

அவள் முகம் அப்படியேதான் இருந்தது, ஆனால் தோளில் கிடந்த துணியின் முனையை விரல் முறுக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த விரலைப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இந்த அம்மாள் சிரிக்கத் தெரியாதவள் இல்லை. மூன்று நாளாகச் சிரிப்பதற்குக் காத்திருந்தவள். அவரிடம் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், இவளிடம் வேறொன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், இரண்டு பேரையும் எதிர் எதிரே உட்காரவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இந்த அறையில் அவர் நிலைமையிலேயே இருக்கிற இன்னொரு ஆள் இவள்தான், இவளுக்கோ அது தெரியாது. எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா, என்னை ஏமாற்றிக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் சுத்தமாக வெளியே வந்துவிடலாம். அரசி மாட்டுவாள், சேந்தன் மாட்டுவான், மாட்டட்டும், வேண்டும். கூடவே அந்தப் பெண்ணும் மாட்டும். கல்லாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கண்ணை எடுக்காமல் அவர் வாயையே பார்க்கிறது. கட்டத் தெரியாமல் புடவையைக் கட்டிக்கொண்டு, இதுதான் அவர்கள் வீட்டு முறை என்று நினைத்துப் பனியில் உட்கார்ந்திருந்த பெண். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவர் திருப்பி உள்ளே தள்ளினார். அது தள்ளத் தள்ள மேலே வந்தது.

"எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது" என்றார் இங்கிலீஷில், ஆபீசில் போனில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "பெண் வீட்டில், பேசி முடிப்பதற்கு முன்னால் நாங்கள் சும்மா சாப்பிட மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால்தான் இரண்டு நாளும் பணம் கொடுத்தேன். அவமரியாதை இல்லை." பாதி உண்மை, மீதியை அந்த நிமிஷத்தில் சேர்த்துக்கொண்டார். "எழுதியது தவறு. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்."

ஓனா அவரையே பார்த்தாள். "இன்றைக்கு?"

"இன்றைக்குப் பணம் கொடுக்க மாட்டேன்" என்றார். "உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

வைவா அதை அம்மாவுக்கு அவர்கள் பாஷையில் சொன்னாள், பாதியில் குரல் உடைந்து மறுபடி ஆரம்பித்தாள். ஓனா கேட்டுக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன உருளைக்கிழங்குத் தட்டை எடுத்து வைவாவிடம் நீட்டி, சூடாக வேறு கொண்டுவா என்று கையைக் காட்டினாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அவர் பக்கம் வைத்தாள். வைத்தியலிங்கம் அதை எடுத்துச் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அரசிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, "எனக்குத் தெரியுங்க, நீங்க..." என்று ஆரம்பித்தபடி கரண்டியை எடுத்தாள்.

"நீ மட்டும் உன் சாப்பாட்டுக்குக் காசு குடுத்துடு" என்றார் அவர், கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமல், தமிழில், ஓனாவுக்கு ஏதோ சாதாரணப் பேச்சு என்று தோன்றுகிற குரலில். "அவங்களோட நான் பேசி முடிச்சுட்டேன். உனக்கும் எனக்கும் இன்னும் முடியல."

அரசி எடுத்த கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.